பவுல் விட்டுக்கொடுக்காத குடியுரிமை

அந்தப் பிரசங்க வீடியோவை ஏழெட்டுப் பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். "நாம் பரலோகக் குடிகள். பூமியின் தேர்தலில் நமக்கு என்ன பங்கு? ஜெபித்தால் போதும்" என்கிறார் போதகர். சபை முழுக்க ஆமென் சொல்கிறது. அந்த ஆமென்தான் எனக்கு வலிக்கிறது.

அவர் காட்டிய வசனம் பிலிப்பியர் 3:20. பிலிப்பி ஊர்ச் சபைக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதிய கடிதத்தில், நம் குடியிருப்பு பரலோகத்தில் இருக்கிறது என்கிற இடம். பிலிப்பி ஒரு ரோமக் குடியேற்ற நகரம். பவுலையும் அவரோடு ஊழியம் செய்த சீலாவையும் விசாரிக்காமலே அடித்துச் சிறையில் போட்டது அந்த ஊரில்தான். மறுநாள் 'போகலாம்' என்று அதிகாரிகள் ஆள் அனுப்பியபோது பவுல் நகரவில்லை. நாங்கள் ரோமர், அவர்களே வந்து எங்களை வெளியே கொண்டுபோய் விடட்டும் என்றார். அப்போஸ்தலர் 16-ஐப் பாருங்கள். பரலோகக் குடியிருப்பைப் பற்றி அந்தச் சபைக்கு எழுதியவர், அந்த ஊரிலேயே தன் பூலோகக் குடியுரிமைக்குரிய மரியாதையைக் கேட்டு வாங்கியவர். பிற்பாடு தன் வழக்கை ரோமப் பேரரசனே விசாரிக்கட்டும் என்று இராயனுக்கு அபயமிட்டவரும் அவரே.

ஜெபம் போதாதா என்பவர்களுக்கு எரேமியா 29:7. பட்டணத்தின் சமாதானத்தைத் தேடு, அதற்காக விண்ணப்பமும் செய் என்கிறது அந்த வசனம். அங்கே இருப்பது இரண்டு வேலை. கத்தோலிக்கத் திருச்சபை மறைக்கல்வி ஏடு, எண் 2240-இல், வரி செலுத்துவதோடு வாக்களிப்பதையும் கடமையாகவே வைத்திருக்கிறது.

'சபையில் அரசியல் பேசலாமா?' இன்னாருக்குப் போடு என்று மதத்தின் பெயரால் கேட்பதைத்தான் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3) தடுக்கிறது. 2017-இல் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் இறுக்கியது. ஓட்டுப் போடு என்று சொல்ல எந்தத் தடையும் இல்லை. 'ஒருவரும் யோக்கியரில்லை' என்றால் 2013 முதல் நோட்டா பொத்தான் இருக்கிறது. வீட்டில் இருப்பதற்கு அதுவும் காரணமாகாது.

நம் சபைகளின் நிர்வாகத்துக்கு நடக்கும் திருமண்டலத் தேர்தல் என்றால் அணி பிரித்து, வீடு வீடாகப் போய், பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டாலும் நீதிமன்றம் வரை போகிறோம். அப்போது யாருக்கும் பரலோகம் குறுக்கே வருவதில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு நிலம் கேட்டும் ஜெபவீட்டுக்கு அனுமதி கேட்டும் ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு நிற்பதும் நாம்தான். 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில் மதச் சிறுபான்மையினருக்கான சட்டமன்ற, நாடாளுமன்ற இட ஒதுக்கீட்டை விட்டுக்கொடுத்தோம். சிறுபான்மையினர் துணைக்குழுவுக்குத் தலைமை வகித்த எச்.சி. முகர்ஜி ஒரு கிறிஸ்தவர். அவரே அதற்கு ஆதரவாக நின்றார். நமக்கென்று தனி வாக்காளர் பட்டியல் கிடையாது, ஒதுக்கிய இடமும் கிடையாது. எல்லோரோடும் சேர்ந்த பொது வாக்காளர் பட்டியலில் ஒரு பெயர், அவ்வளவுதான் மிஞ்சியது. அதையும் வேண்டாம் என்று மேடையில் நின்று சொல்கிறார்கள்.

அந்தப் பெயரும் சுலபமாகத் தொலைந்துபோகும். நம் வீடுகளில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் வேறொன்று. ஜெபராஜ் ஜெயராஜ் ஆகிவிடுவார். பெயரை வைத்து இணையத்தில் தேடிவிட்டு 'இல்லை' என்று விட்டுவிடாதீர்கள், வாக்காளர் அட்டை எண்ணைப் போட்டுத் தேடுங்கள். பிழை திருத்தவும் வீடு மாறியதைத் தெரிவிக்கவும் படிவம் 8, புதிதாகச் சேரப் படிவம் 6. பதினேழு முடிந்த பிள்ளைகள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு முதல் தேதிகளில் எதில் பதினெட்டு நிறைகிறதோ அதைக் கொண்டு சேர்ப்பார்கள். கையில் அட்டை இருந்தும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டு இல்லை. பலர் வாக்குச்சாவடி வாசலில் ஏமாறுவது இங்கேதான். பெயர் இருந்து அட்டை தொலைந்திருந்தால் ஆதார், ஓட்டுநர் உரிமம், படம் ஒட்டிய வங்கிப் புத்தகம் எதையாவது காட்டலாம். பூத் சிலிப் மட்டும் போதாது. வேட்புமனுவின் கடைசி நாள் தாண்டிவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்கவே முடியாது. சந்தேகம் இருந்தால் 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

போதகர் ஐயா, அந்த வீடியோவை நீக்கச் சொல்லவில்லை. வருகிற ஞாயிறு அதே மேடையில் அப்போஸ்தலர் 16-ஐயும் வாசியுங்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஒரு மேசை போட்டு, படிவம் நிரப்பத் தெரிந்த இரண்டு வாலிபர்களை உட்கார வையுங்கள்.