75 வயசு தாண்டுனா நிக்கவே முடியாதா?

மேல ஒருத்தர் "75 வயசு தாண்டுனா தேர்தல்ல நிக்க முடியாது, சட்டமே இருக்கு"ன்னு எழுதிருக்காரு, அதுக்கு நூத்துக்கணக்குல லைக் வேற. அப்படி ஒரு சட்டமே கிடையாது பாஸ். அரசியல் சாசனத்துல இருக்கறது குறைஞ்சபட்ச வயசு மட்டும்தான், மக்களவை, சட்டசபைக்கு 25, மாநிலங்களவைக்கு 30, ஜனாதிபதிக்கு 35, பஞ்சாயத்துக்கு 21. மேல் வரம்புன்னு எதுவும் இல்ல. நீங்க சொல்ற 75 பாஜகவுக்குள்ள எழுதாத வழக்கமா பேசப்பட்ட விஷயம், அதுலயும் எடியூரப்பா 2019ல 76 வயசுல கர்நாடக முதல்வரானாரு, அப்ப அந்த 75 எங்க போச்சுன்னு தெரியல 😀

மொரார்ஜி தேசாய் 1977ல பிரதமரானப்ப 81 வயசு. அவ்ளோ தூரம் ஏன், கலைஞர் 2016ல திருவாரூர்ல நின்னு ஜெயிச்சப்ப 91.

வயசானவங்க ஒதுங்கணுமா வேணாமாங்கறது தனி விவாதம், தாராளமா பேசலாம், ஆனா இல்லாத சட்டத்த இருக்குன்னு சொல்லாதீங்க. உண்மையில சட்டம் தடுக்கறது சின்னப் பசங்களத்தான். அரசியல் சாசனத்தோட 61வது திருத்தத்துல ஓட்டு போடுற வயச 21லருந்து 18ஆ குறைச்சாங்க, மக்களவை, சட்டசபைக்கு நிக்கிற வயசு மட்டும் அப்படியே 25லயே கெடக்கு. அதப்பத்தி இங்க ஒருத்தரும் வாயத் தொறக்கல.