எங்கே போய் விண்ணப்பிப்பது?
இருபது வருடம் அமெரிக்காவில் அனுமதியின்றி இருந்தவர்கள் ஏன் முறைப்படி விண்ணப்பிக்கவில்லை, அவர்களை நாடு கடத்துவது சரிதானே என்று சிலர் கேட்கிறார்கள். நெடுங்காலம் வசித்ததற்காகவே கிரீன் கார்டு (நிரந்தரமாக வசிக்கும் அனுமதி) தரும் சட்டப்பிரிவு ஒன்று அங்கே உண்டு. ஆனால் 1972 ஜனவரி 1-க்கு முன்பே வந்திருக்க வேண்டும்! அதிபர் ரீகன் காலத்தில், 1986-இல் வைத்த தேதி. அதை நகர்த்தும் மசோதாக்கள் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் வந்து வந்து தூங்குகின்றன.

சரி, ஊருக்குப் போய் விசாவோடு திரும்பலாமே என்றால், ஓராண்டுக்கு மேல் அனுமதியின்றி இருந்துவிட்டு வெளியேறியவருக்குப் பொதுவாகப் பத்து வருடம் தடை. அது 1996-இல் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டம்.

குற்றவாளிகளை அனுப்பட்டும், யார் கேட்கப் போகிறார்கள்? வரி கட்டி, அங்கே பிறந்த பிள்ளைகளைப் படிக்கவைப்பவரைப் பிடிக்கும்போதுதான் டிரம்ப்புக்கு ஓட்டுப் போட்ட சிலர்கூட பிடிபட்டவருக்காக மனு எழுதுகிறார்கள்.