இடித்துக் கட்டினால் பசுமையா?

"பழைய கட்டடங்கள் மின்சாரத்தை விழுங்கும், இடித்துவிட்டுப் பசுமைக் கட்டடம் கட்டுவதே சூழலுக்கு நல்லது" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. பொதுவிதியாகச் சொன்னால் இது தவறு.

கட்டும்போதே வெளியாகும் கரியமில வாயுவை இந்தக் கணக்கு விட்டுவிடுகிறது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் 7-8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து மட்டுமே வருகிறது. அதற்கு மேல் கம்பி, கண்ணாடி, லாரி ஓட்டம், இடித்த குப்பை எல்லாம் இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை 2011-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 30 சதவீதம் கூடுதல் எரிசக்தித் திறனுள்ள புதுக் கட்டடம்கூட, கட்டியதால் வந்த பாதிப்பை ஈடுகட்ட, வகையைப் பொறுத்து 10 முதல் 80 ஆண்டுகள் ஆகும்.

சரி, பழைய சுவர் உதிர்கிறதே என்பீர்கள். பல இடங்களில் அதற்குக் காரணம் வயது அல்ல, மேலே பூசிய சிமென்ட். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். சிமென்ட் அதை அடைத்துவிட, ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் பொடியாகக் கொட்டும். சிமென்டைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூசுங்கள்.

உண்மையிலேயே இடிந்து விழும் நிலையில் இருந்தால் அது வேறு விஷயம், பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும். அப்போதும் வளாகத்து முதிய மரங்களை வெட்டாதீர்கள்; பதிலுக்கு நடும் கன்றுகள் அந்த நிழலைத் தரப் பல பத்தாண்டுகள் ஆகும்.