ஃபார்மட் பண்ணியும் போகவில்லை

மறுபடியும் அதே பக்கம். காசு கொடுத்து ஃபார்மட் பண்ணி, சிபியுவைத் தூக்கிவந்து, ஒயரெல்லாம் மாட்டி, குரோமில் என் அக்கவுண்டைப் போட்டேன். அடுத்த நிமிஷம் அதே பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. சிதம்பரம் போகிற ரயில் எத்தனை மணிக்கு என்று தேடினால், மேலே ஏதோ ஒரு முகவரி மின்னி மறைகிறது, உடனே இன்னொன்று, கடைசியில் நான் எப்போதும் போகாத ஒரு தேடுபொறி. முதல் பக்கம் முழுக்க விளம்பரம். பிரவுசரையே கடத்திக்கொண்டு போகிற இதற்கு 'பிரவுசர் ஹைஜாக்கர்' என்று பெயர். உங்களில் பாதிப் பேருக்கு இது வந்திருக்கும்.

எப்படி வந்தது தெரியுமா? அக்கா மகள் என் கம்ப்யூட்டரில் ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட்டாள். போட்டோ 50 கேபிக்குள் இருக்க வேண்டும், கையெழுத்து 20 கேபிக்குள், சான்றிதழ் பிடிஎஃப் 200 கேபிக்குள். இப்போது எந்தப் போனில் படம் எடுத்தாலும் 3 எம்பி வருகிறது. கடைசித் தேதி நெருங்கிவிட்டது. அந்தப் பெண் என்ன செய்வாள்? பிடிஎஃப் சைஸைக் குறைப்பது எப்படி என்று தேடினாள். முதலில் வந்தது விளம்பரம், உள்ளே போனால் பச்சை நிறத்தில் பெரிய டவுன்லோட் பட்டன். அந்தச் சாஃப்ட்வேர் பிடிஎஃப்பைக் குறைத்தும் கொடுத்தது. கூடவே இந்தச் சனியனையும் இறக்கிவிட்டது. இன்ஸ்டால் ஆகும்போது 'அக்செப்ட்' பளிச்சென்று நீலக் கட்டத்தில் இருக்கும். 'வேண்டாம்' என்பது வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் எழுத்தில் இருக்கும். அது கண்ணில் படக் கூடாது என்பதற்காகவே காசு கொடுத்து ஆள் வைத்து அப்படி வரைகிறார்கள்.

ஆனால் எல்லோரும் கேட்கிற கேள்வி என்ன? திருப்பாதிரிப்புலியூர் சர்வீஸ் கடைத் தம்பி கேட்டார்: "யாரு அக்கா எதையாவது அமுக்கினது?" என் வீட்டுக்காரர் அதையே கேட்டார். எதிர்வீட்டு மாமாவும் கேட்டார். அந்தப் பெண் முகம் வாடிப்போய் நிற்கிறாள். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை! விண்ணப்பத்தில் கேட்டதைக் கொடுக்க ஒரு கருவி தேடினாள், அவ்வளவுதான். ஏமாற்றியவனை விட்டுவிட்டு ஏமாந்தவளை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிற புத்தி நம்மை விட்டு எப்போது போகும்?

கடைக்குப் போவதற்கு முன்னால் நானே உட்கார்ந்து பார்த்தேன். ஹோம்பேஜை மாற்றினேன், திரும்ப வந்தது. தேடுபொறியை மாற்றினேன், திரும்ப வந்தது. பிரவுசரில் ஒட்டிக்கொள்கிற குட்டி நிரலை, அதாவது எக்ஸ்டென்ஷனை, நீக்கலாம் என்று போனால் 'ரிமூவ்' பட்டனே வேலை செய்யவில்லை. இந்த பிரவுசரை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்று எழுதியிருக்கிறது. மஞ்சக்குப்பத்தில் ரெண்டு ரூம் வீட்டில் இருக்கிற கம்ப்யூட்டரை எந்த நிறுவனம் நிர்வகிக்கிறது? ஆபீஸ் கம்ப்யூட்டர்களைக் கட்டுப்படுத்த குரோமில் 'பாலிசி' என்று ஒரு வசதி உண்டு. இந்தத் திருடர்கள் விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கிற ரெஜிஸ்ட்ரியில் அந்தப் பாலிசியை எழுதிவிட்டு, நம் வீட்டுக்கு அவர்களே முதலாளி ஆகிவிடுகிறார்கள். அதை அழித்தேன். மறுநாள் திரும்ப முளைத்தது, ஏனென்றால் குறித்த நேரத்தில் தானாக வேலைகளை ஓட்டுகிற டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலையை ஒளித்து வைத்திருந்தார்கள். அதையும் அழித்தேன். பார்த்தால் டெஸ்க்டாப்பில் இருக்கிற குரோம் ஐகானிலேயே அவர்கள் முகவரியை ஒட்டியிருக்கிறார்கள். வெட்ட வெட்டத் துளிர்க்கிற வேலிகாத்தான்தான் இது.

இவ்வளவும் எதற்கு? நாம் தேடுகிற ஒவ்வொரு தேடலையும், அழுத்துகிற ஒவ்வொரு விளம்பரத்தையும் காட்டி அவர்கள் கமிஷன் வாங்குகிறார்கள். அந்தச் சில்லறைக்காக என் வீட்டில் ஒரு வாரம் வேலை நின்றது. அதைவிடப் பயம், அம்மா இந்தக் கம்ப்யூட்டரில்தான் பேங்க் கஸ்டமர் கேர் நம்பர் தேடுவார். விளம்பரத்தில் போலி நம்பர் வந்து, அதற்கு அவர் போன் போட்டு, ஓடிபி சொல்லியிருந்தால்? சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடித்து அழுதுகொண்டு நின்றிருப்போம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, கம்ப்யூட்டரின் இயல்பான இயக்கத்தைக் கைப்பற்றுகிற நிரலை அனுமதியில்லாமல் உள்ளே விடுவதையும் நஷ்டஈடு கொடுக்க வேண்டிய தவறு என்றே சொல்கிறது. அதையே ஏமாற்றும் நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யாரைப் பிடிப்பது? ஊரும் பேரும் இல்லாத முகவரிக்கு எந்த ஸ்டேஷனில் போய்ப் புகார் எழுதுவது?

சரி, ஃபார்மட் பண்ணியும் ஏன் வந்தது? அந்தச் சாஃப்ட்வேரோடு வேறு ஒரு எக்ஸ்டென்ஷனும் சாதுவான பெயரில் நுழைந்திருந்தது. பிரவுசரில் இருப்பதையெல்லாம் கூகுள் அக்கவுண்டில் நகலெடுத்து வைக்கிற 'சிங்க்' வழியாக அது என் அக்கவுண்டில் ஏறிவிட்டது. கம்ப்யூட்டரைத் துடைத்து என்ன பயன்? உள்ளே நுழைந்ததும் கூகுளே பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கிறது. சிங்கை நிறுத்தி, கூகுள் பக்கத்தில் இருந்த சிங்க் தரவை மொத்தமாக அழித்து, பிரவுசரை ரீசெட் பண்ணிய பிறகுதான் ஒழிந்தது. புக்மார்க் எல்லாம் அதோடு போயிற்று. அம்மாவின் மருத்துவ ரிப்போர்ட் பார்க்கிற பக்கத்தின் முகவரியும் அதில்தான் இருந்தது. ஃபார்மட்டுக்குக் காசு வாங்கியவர் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். யாரு அமுக்கினது என்று விசாரிக்க மட்டும் நேரம் இருந்தது.

அதுவும் போகட்டும். கேபினட்டின் பக்கவாட்டு மூடிக்கு ரெண்டு ஸ்க்ரூ உண்டு. ஒன்றுதான் திரும்பி வந்திருக்கிறது. ஃபேன் ஓடும்போதெல்லாம் தகரம் கடகடவென்று அடிக்கிறது. போன் போட்டால் "நேர்ல வாங்கக்கா, பாத்துக்கலாம்" என்கிறார். ஒரு ஸ்க்ரூவுக்காக இந்த வெயிலில் நான் ஏன் திருப்பாதிரிப்புலியூர் வரைக்கும் வர வேண்டும்?