ஈராசிரியர் பள்ளியும் 1:19 என்ற கணக்கும்

"எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் 38 பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர்கள், சட்டம் கேட்பதே ஆசிரியருக்கு 30 பேர்தான் என்னும்போது பெற்றோர் குறை சொல்வதில் நியாயமில்லை" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். எண்கள் சரி, அவற்றிலிருந்து எடுத்த முடிவு தவறு.

2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் போதும். ஆனால் அந்த 38 பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இல்லை, ஐந்து வகுப்புகளில் பிரிந்திருக்கிறார்கள். தனித் தலைமையாசிரியர் 150 பேருக்கு மேல் இருந்தால்தான் உண்டு என்பதால், இந்த இருவரில் ஒருவரே அந்தப் பொறுப்பையும் சுமக்க வேண்டும். அவர் கூட்டத்துக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்புகளும் மற்றவர் தலையில்தான்.

என் மகள் படிக்கும் பள்ளியும் ஈராசிரியர் பள்ளிதான். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகள் ஒரே அறையில், ஒரே கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டு நடக்கின்றன. ஆசிரியை ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு சொல்லித்தரும்போது, மூன்றாம் வகுப்பில் இருக்கும் என் மகள் எழுதியதையே திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறாள். அந்த ஆசிரியையிடம் குறையே இல்லை, மதிய இடைவேளையில்கூட நோட்டுத் திருத்துகிறவர் அவர். பெற்றோர் கேட்பது வகுப்புக்கு ஓர் ஆசிரியர். அதற்கு 1:19 என்ற விகிதத்தைப் பதிலாகக் காட்டுவது பொருந்தாது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை எழுத்துவடிவில் தீர்மானமாகப் பதியச் சொல்லிக் கேளுங்கள்.