கோவைக்கு அருகிலுள்ள துறைமுகம் சென்னை அன்று

கோவைக்குத் தொழிலை மாற்றுவோர் ஏற்றுமதிச் சரக்கைச் சுமார் 500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்கே அனுப்ப வேண்டும் என்றும், கோவையிலிருந்து வெளிநாட்டு விமானமே இல்லை என்றும் நண்பர் எழுதியிருப்பது சரியன்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே செல்லும் தேசிய நெடுஞ்சாலை 544 கோவையைக் கொச்சியோடு இணைக்கிறது. தொலைவு 200 கிலோமீட்டருக்கும் குறைவு. அங்குள்ள வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையம் 2011 முதல் இயங்குகிறது. லாரி ஓட்டுநர்களை மணிக்கணக்கில் வாட்டிய குதிரான் மலைப்பகுதியில் 2021இல் முதல் சுரங்கச் சாலை திறக்கப்பட்டபின் இவ்வழி எளிதாகிவிட்டது. தூத்துக்குடியும் சென்னையைவிட அருகில்தான்.

கோவையிலிருந்து சிங்கப்பூர், ஷார்ஜா ஆகியவற்றுக்கு நேரடி விமானங்கள் உள்ளன. ஐரோப்பாவுக்கு இல்லை என்பதும், ஓடுபாதை விரிவாக்கம் பல ஆண்டுகள் இழுபட்டது என்பதும் நியாயமான குறைகளே; அவற்றை நான் மறுக்கவில்லை. சென்னைக்கு 2023 ஏப்ரல் முதல் வந்தே பாரத் ரயிலும் ஓடுகிறது.

இணையத்தைப் பொறுத்தவரை, வெளிநாட்டு இணையத் தொடர்பைக் கொண்டுவரும் கடலடிக் கேபிள்கள் சென்னை, கொச்சி இரண்டிலும் கரையேறுவதால், ஒரு பாதை அறுந்தாலும் மற்றொன்று இயங்கும்படி இரு திசைகளிலும் தனித்தனிப் பாதை தரும் நிறுவனங்களா என்று கேட்டு ஒப்பந்தம் செய்வதே முறை. ஒரே கேபிள் பள்ளத்தில் ஓடும் இரு இணைப்புகள் மாற்று ஏற்பாடு ஆகா.