ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் காமிக் புத்தகம் அல்ல
1938இல் சூப்பர்மேன் வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் 1தான் அமெரிக்காவின் முதல் காமிக் புத்தகம் என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. சூப்பர்ஹீரோ அலையைக் கிளப்பிய இதழ் என்றால் சரி.

1933இலேயே ஈஸ்டர்ன் கலர் அச்சகம் ஞாயிறு நாளிதழ்களின் படக்கதைப் பக்கங்களைச் சுருக்கி, மடித்துத் தைத்து, 'ஃபன்னீஸ் ஆன் பரேட்' என்ற இலவச இதழாக்கியது. அடுத்த ஆண்டு 'ஃபேமஸ் ஃபன்னீஸ்' 10 சென்ட்டுக்குக் கடைக்கு வந்தது. இரண்டிலும் இருந்தவை மறுபதிப்புகள். புதிய கதைகளோடு வந்தது பதிப்பாளர் வீலர்-நிக்கல்சனின் 'நியூ ஃபன்', 1935 பிப்ரவரி இதழ். சூப்பர்மேனை உருவாக்கிய சீகலும் ஷூஸ்டரும் காமிக் புத்தகத்துக்குள் நுழைந்ததும் அவரிடம்தான், அதே ஆண்டில். இந்த மனிதரை விட்டுவிட்டு இந்த வரலாற்றைச் சொல்லவே முடியாது.

சூப்பர்மேனே நாளிதழ்த் தொடராக வரையப்பட்டவர். அந்தக் கட்டங்களை வெட்டி ஒட்டித்தான் ஆக்‌ஷன் காமிக்ஸுக்கு 13 பக்கமாக்கினார்கள். இருவருக்கும் கிடைத்தது பக்கத்துக்கு 10 டாலர், ஆக 130 டாலர். சூப்பர்மேனின் உரிமையும் அதோடு பதிப்பகத்துக்குப் போனது.

ஆக்‌ஷன் காமிக்ஸ் 1இன் அட்டையில் ஜூன் என்றிருப்பதால் ஜூனில் வெளியானதாகவும் எண்ண வேண்டாம். பழைய இதழென்று கடைக்காரர் சீக்கிரம் எடுத்துவிடக் கூடாதென்று இனி வரவிருக்கும் மாதத்தின் தேதியை அச்சிடுவார்கள். கடைக்கு வந்தது ஏப்ரலில்.